ரப்பர் வளையலும் மாலை விளக்கும்: பேரணாம்பட்டு வீட்டு யூனிட் ஒன்றில் பற்றிய தீ குறித்த நிகழ்வு ஆய்வு

பேரணாம்பட்டில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடந்துவரும், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் யூனிட்டில், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் தனித்தனியாகச் சொன்னதை ஒப்பிட்டுப் பார்த்தால், தீ எரிந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான். ஒரு பெண்ணுக்கு வலது முன்கையிலும் விரல்களிலும் தீக்காயம் ஏற்பட்டது. ஒரு மேசையும், ஒரு திரைச்சீலையும், அன்றைக்கு ஒட்டி முடித்திருந்த அப்பர்களும் வீணாயின. தீயணைப்பு வண்டி வரவில்லை, புகார் எதுவும் பதியப்படவில்லை, நாளிதழில் ஒரு வரிகூட வரவில்லை. தோல் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வீட்டுக்காரர் மறுநாள் காலை என்னை அழைத்தார். இன்சூரன்சுக்காகவோ வழக்குக்காகவோ அல்ல, அவருடைய தாயார் இரவு முழுவதும் தூங்காமல் அழுதுகொண்டிருந்தார் என்பதற்காக.

தீ ஏன் பற்றியது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அது ஏன் அத்தோடு நின்றது என்பதை அறியத்தான் மூன்று வாரங்களில் நான்கு முறை அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டாரும் தொழிலாளர்களும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டுவிட்டேன்.

வீடும் யூனிட்டும்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பழகியவர்களுக்கு இந்த அமைப்பை விவரிக்க வேண்டியதில்லை. பெரிய ஷூ கம்பெனி தோலை வெட்டிக் கொடுக்கும். ஓரம் சீவுவது, மடித்து ஒட்டுவது, தைப்பது ஆகிய வேலைகள் ஜாப் ஒர்க்காக வெளியே வரும். இந்த வீட்டில் கூடம் 12 அடிக்கு 16 அடி. தெருப்பக்கச் சுவரை ஒட்டி நான்கு தையல் மெஷின்கள், நடுவில் பசை தடவி ஒட்டும் பேஸ்டிங் மேசை, மூலையில் லைனிங் துணிக் கட்டுகள். கூடத்துக்குப் பின்னால் சமையலறை. இடையில் கதவு கிடையாது, ஒரு நைலான் திரைச்சீலை மட்டும். வேலை செய்பவர்கள் ஐந்து பெண்கள். அவர்களோடு வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும். மனைவியை எல்லோரும் அண்ணி என்றும், வீட்டுக்காரரின் தாயாரை ஆயா என்றும் அழைப்பதால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

ஏழு பேர் வேலை செய்யும் இந்தக் கூடம் எந்த ஆய்வாளரின் பார்வைக்கும் வராது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் என்று எல்லை வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 என்றும் 40 என்றும் உயர்த்தியது. இந்தக் கணக்கால் வெளியே நிற்கும் யூனிட்டுகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தபோது, வேலை செய்யும் இடத்திலேயே மனிதர்கள் ஏன் படுத்துறங்கினார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். படுத்துறங்கும் இடத்திலேயே ஏன் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அவ்வளவாக எழுவதில்லை. இரண்டும் ஒரே இட நெருக்கடியின் இரண்டு முகங்கள் என்பது என் எண்ணம்.

அன்று மாலை

வெயில் தாங்காமல் ஜன்னல்களைப் பகலிலேயே சாத்தி, சாக்கு நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றோட்டம் என்று இருந்தவை இரண்டு சீலிங் ஃபேன்களும் திறந்த வாசற்கதவும் மட்டுமே. ஐந்தரைக்கு அண்ணி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. மெஷின்கள் நின்றதால் நான்கு பெண்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பேஸ்டிங் கைவேலை என்பதாலும், மறுநாள் காலை சரக்கு போக வேண்டும் என்பதாலும், ஐந்தாவது பெண் மட்டும் அரை இருட்டில் தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். மேசைமேல் சொல்யூஷன் என்ற பசை நிரம்பிய மூன்று கிண்ணங்கள் மூடியில்லாமல் இருந்தன. அவற்றில் ஒன்று கைபட்டுக் கவிழ்ந்தது. அரைக் கிண்ணம் கொட்டியிருக்கும் என்றார். கழிவுத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, வேலையைத் தொடர்ந்தார்.

ஏறக்குறைய ஆறு இருபதுக்கு ஆயா நிலைப்படியில் அகல் விளக்கை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். வெள்ளிக்கிழமை என்பதால் இரண்டு விளக்கு. படிக்கு வெளியே குந்தியிருந்ததால் அவருக்கு நெற்றி முடி மட்டுமே கருகியது. அவர் கண்டதை இப்படிச் சொன்னார்: "தரையில நீலமா ஒண்ணு உள்ளார ஓடிச்சு சார். பாம்பு மாரி ஓடிச்சு."

அந்த நீலம் மேசைக்கு அடியில் கிடந்த துணியைப் பற்றி, அங்கிருந்து கிண்ணங்களுக்கு ஏறியது. தூரிகையோடு கிண்ணத்தின்மேல் இருந்த பெண்ணின் வலது கை தீக்குள் மாட்டியது. திண்ணையிலிருந்து ஓடிவந்த ஒரு பெண் கையில் கிடைத்த சொம்புத் தண்ணீரை மேசைமேல் வீச, எரியும் சொல்யூஷன் சிதறித் திரைச்சீலையில் பட்டது. நைலான் உருகி, எரிந்தபடி துண்டு துண்டாகச் சமையலறைப் பக்கம் விழுந்தது. வீட்டுக்காரர் ஜன்னலில் தொங்கிய ஈரச் சாக்கை உருவி மேசைமேல் போட்டு அமுக்கினார். அண்ணி இன்னொன்றை எடுத்துத் திரைச்சீலைமேல் போட்டார். தீ அடங்கியது.

தரையில் ஓடிய நீலம்

சொல்யூஷன் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பசை, ரப்பரை டொலுயீன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் கரைத்துச் செய்யப்படுவது. ஒட்டிய சில நிமிடங்களில் அது காய்கிறது என்றால், கரைப்பான் முழுவதும் காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். டொலுயீன் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியசிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடும். ஹெக்சேனுக்கு உறைபனிக் குளிரே போதும். வேலூர் பக்கத்து மே மாதத்தில், 40 டிகிரியைத் தொடும் கூடத்தில், மூடியில்லாத கிண்ணம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டின் ஆவியும் காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. ஆகவே அது மேலே எழாமல் தரையில் இறங்கித் தண்ணீரைப்போல் பள்ளம் பார்த்து நகரும். காற்றில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டினால் தீப்பிடிக்கப் போதுமானது.

கூடத்தில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். கழுவிவிட வசதியாக எல்லா வீடுகளிலும் தரையை வாசல் பக்கம் சற்றுச் சரிவாகப் போடுவார்கள் அல்லவா, இங்கும் அப்படித்தான். தண்ணீர் மேசைக்கு அடியிலிருந்து நேராக நிலைப்படிக்கு வந்து நின்றது. ஃபேன் சுழன்றுகொண்டிருந்த நாட்களில் ஆவி கலைந்துபோய்க்கொண்டிருந்தது. ஃபேன் நின்ற அந்த இருபது நிமிடத்தில், கொட்டிய அரைக் கிண்ணத்தின் ஆவி கலையாமல் அதே வழியில் நடந்து விளக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயா கிழித்த தீப்பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பக்கத்தில் இருக்கும் குடியாத்தம், தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே தயாராகும் பாதுகாப்புத் தீப்பெட்டியில், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும்; சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் அதற்குப் பாதுகாப்பு என்ற அடைமொழியே வந்தது. கலந்துவிட்டால் லேசான உரசலிலேயே வெடிக்கும். ஆபத்தான இரண்டு பொருள்களை ஒழித்துக்கட்டாமல், அவை எங்கே எப்போது சந்திக்க வேண்டும் என்பதை மனிதன் தன் கையில் வைத்துக்கொண்டான். இந்தக் கூடத்தில் அந்தப் பிரிவினை எவராலும் திட்டமிடப்படாமல், ஃபேனின் சுழற்சியை மட்டும் நம்பி நின்றிருந்தது.

ஆயா தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொன்னதை இங்கே பதிவு செய்வது அவசியம். விளக்கு ஏற்றப்படாமல் இருந்திருந்தாலும், கரண்ட் திரும்பி வந்தபோது மெஷின் மோட்டாரோ ஸ்விட்சோ விட்டிருக்கக்கூடிய ஒரு சிறு பொறி அதே வேலையைச் செய்திருக்கலாம். அப்போது இருபது நிமிட ஆவிக்குப் பதில் ஒரு மணி நேர ஆவி சேர்ந்திருக்கும், நான்கு பெண்களும் மெஷின்களுக்குத் திரும்பியிருப்பார்கள். மேலும், ஐந்து லிட்டர் சொல்யூஷன் டின் அன்று கூடத்தில் இல்லை. அந்த நாற்றம் வீட்டுக்குள் ஆகாது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சண்டை போட்டு, டின்னைப் பின்கட்டுப் படிக்கட்டின் அடியில் வைக்கச் சொன்னவர் ஆயாவேதான். கிண்ணம் தீரும்போதெல்லாம் பின்கட்டுக்கு நடக்க வேண்டியிருக்கிறதே என்று பெண்கள் முணுமுணுத்துவந்த அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால், இந்த ஆய்வை வேறொருவர் வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

ரப்பர் வளையல்

திரைச்சீலை எரிந்து விழுந்த இடத்துக்கும் கேஸ் டியூபுக்கும் இடையே ஓரடி தூரம்தான் இருந்தது. டியூபின் ஆரஞ்சு நிற மேலுறை ஓரிடத்தில் கருகிக் குமிழ் விட்டிருந்தது. அதில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய டியூப் ஏழாவது ஆண்டில் இருந்தது. அடுப்புப் பக்க முனையில் நகக்கண் அளவு வெடிப்புகளும் தெரிந்தன. ரெகுலேட்டர் திறந்திருந்தால் 14.2 கிலோ சிலிண்டரின் கேஸ் அந்த முனைவரை வந்து நின்றிருக்கும்.

ரெகுலேட்டர் மூடியிருந்தது. அதன் கழுத்தில் ஒரு பச்சை ரப்பர் வளையல் மாட்டியிருந்தது.

அது என்னவென்று முதல் நாள் நான் கேட்கவில்லை. குழந்தை விளையாடி மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் முறை போனபோது அண்ணி டீ போட வந்தார். வளையலைக் கழற்றித் தன் இடக் கையில் போட்டுக்கொண்டு, ரெகுலேட்டரைத் திருகி, அடுப்பைப் பற்றவைத்தார். டீ இறங்கியதும் முதலில் ரெகுலேட்டரை மூடினார். பர்னரில் மிச்சம் எரிந்து அணைந்தபின் அடுப்புத் திருகை மூடினார். கையிலிருந்த வளையலைக் கழற்றி ரெகுலேட்டரில் மாட்டினார். இத்தனையும் எங்களோடு பேசிக்கொண்டே நடந்தது.

கேட்டதற்குச் சிரித்தார். சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் கல்யாணத்துக்காகக் காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு, ரெகுலேட்டரை மூடினோமா என்ற சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டாரிடம் போனில் சொல்லிப் பூட்டை உடைக்க வைத்திருக்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் ரெகுலேட்டர் மூடித்தான் இருந்தது. புதுப் பூட்டு வாங்கிய செலவுக்கு ஆயாவிடம் பட்ட பேச்சு போதாதா? அன்றிலிருந்து வந்த பழக்கம் இது. "கையப் பாத்தா போதும் சார். வளையல் கையில இருந்தா தொறந்திருக்கு, இல்லன்னா மூடியிருக்கு. படுக்கச் சொல்ல கையில உறுத்துச்சுன்னா எழுந்து போய் மூடிட்டு வந்துருவேன்."

தோல் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்முக்குள் சுத்தம் செய்ய இறங்குபவர், அதன் மெயின் ஸ்விட்சில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னுடனே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பூட்டியவர் மட்டுமே திறக்கலாம். மேலாளரானாலும் தொடக் கூடாது. இதை ஒரு தொழிற்சாலையில் பழக்கத்துக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு ஆண்டுகளும் எண்ணற்ற வாக்குவாதங்களும் தேவைப்பட்டன. எல்லாப் பூட்டும் ஒரே மாதிரி இருந்தவரை ஒருவரும் மதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பூட்டில் தனக்குப் பிடித்த நடிகர் படத்தையோ, சாமி படத்தையோ, பிள்ளையின் பெயரையோ ஒட்டிக்கொள்ள அனுமதித்த பிறகுதான் அது அவரவர் பொருளாயிற்று. அண்ணி அந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. அதன் சாரத்தை, அதாவது ஆபத்தின் நிலையை நினைவில் வைக்காமல் உடம்பில் வைத்துக்கொள்வதை, ஐந்து ரூபாய் வளையலில் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த வீட்டில் அந்தப் பழக்கத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. சமையல் கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது; கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். நாள் முழுவதும் சொல்யூஷன் வாடையில் இருப்பவர்களின் மூக்குக்கு அந்த எச்சரிக்கை எட்டாமல் போக வாய்ப்பு அதிகம். ஐந்து பெண்களையும் கேட்டேன். பசையின் வாடை இப்போது தெரிவதே இல்லை என்று ஐவரும் சொன்னார்கள். மாலையில் தலை பாரமாக இருப்பதை வெயில் என்று நினைத்திருந்தார்கள். இருவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போகும் உணர்வு இருந்தது. ஹெக்சேனைப் பல மாதங்கள் சுவாசிப்பவர்களின் கைகால் நரம்புகள் பாதிக்கப்படுவது ஷூத் தொழிலில் பல நாடுகளில் பதிவான ஒன்று என்பதால், அவ்விருவரையும் மருத்துவரிடம் அனுப்பி, பசை வேலை செய்வதை மறக்காமல் சொல்லச் சொன்னேன்.

கை, தண்ணீர், சட்டை

காயம்பட்ட பெண் புடவைக்கு மேல் ஓர் ஆண் சட்டை போட்டிருந்தார். நாற்று நடவிலும் செங்கல் சூளையிலும் நம் பெண்கள் போடும் அதே பழைய பருத்திச் சட்டைதான், அவருடைய கணவருடையது. வலக் கையை முழங்கைக்குக் கீழே மடித்துவிட்டிருந்தார். மடிப்புக்குக் கீழே தோல் கொப்பளித்தது. மடிப்புக்கு மேலே துணி கருகியதோடு சரி. பாலியஸ்டர் சட்டையாக இருந்திருந்தால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும். கட்டுத் துணி மாற்றும்போது தெரிந்த அந்த எல்லைக் கோட்டை மருத்துவமனையில் பார்த்தேன். அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் இருந்தது.

தீ அடங்கியதும் ஒருவர் இட்லி மாவு எடுக்க ஓடினார், இன்னொருவர் பற்பசை தேடினார். அண்ணி இரண்டையும் தடுத்து, காயம்பட்டவரைச் சமையலறையின் தண்ணீர் டிரம்முக்கு அருகே உட்கார வைத்துச் சொம்பு சொம்பாகக் கையில் ஊற்றத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததை, பிள்ளை வீட்டில் வந்து ஒப்பித்ததில் தெரிந்துகொண்டாராம். குழாயைத் திறந்தால் மாடித் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர் சுடச்சுட வந்தது. டிரம்மில் இருந்தது நிழலில் ஆறியது. தண்ணீர் தினமும் வராத ஊர் என்பதால் 200 லிட்டர் டிரம்மை எப்போதும் நிரப்பியே வைத்திருப்பது அந்த வீட்டு வழக்கம். தீக்காயத்துக்கு 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொல்கிறது மருத்துவம். இவர்கள் ஆட்டோ வரும்வரை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மேசைத் தீக்கு வீசப்பட்டதும் தண்ணீர், கைக்கு ஊற்றப்பட்டதும் தண்ணீர். முன்னது தவறு, பின்னது சரி. எண்ணெய், பெட்ரோல், பசை ஆகியவை எரியும்போது தண்ணீர் அவற்றைச் சிதறடிக்கும். காற்றை மூடினால்தான் அணையும். இதைப் பெண்களிடம் விளக்கியபோது, வடை எண்ணெய் பற்றிக்கொண்டால் தட்டைப் போட்டு மூடுவோமே, அப்படியா என்று ஒருவர் கேட்டார். அதேதான்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய முதல் சில நிமிடங்களிலேயே, திண்ணையிலிருந்து வந்த மூத்த பெண் ஒருவர், காயம்பட்டவரின் விரல் மோதிரத்தையும் கண்ணாடி வளையல்களையும் சோப்பு தடவிக் கழற்றிவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக வளையலைக் கழற்றுவதா என்று ஆட்சேபம் எழுந்திருக்கிறது. "கை வீங்கினா வெட்டித்தான் எடுக்கணும்" என்று அவர் சொன்னது சரி. அடுத்த ஒரு மணி நேரத்தில் விரல்கள் இரு மடங்காக வீங்கின.

இருந்தும் உதவாதவை

இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்று அந்தக் கூடத்தில் இருந்தது. யாருக்கும் நினைவில்லை. மூன்றாம் நாள் லைனிங் கட்டுகளை நகர்த்தியபோது அது வெளிப்பட்டது. அழுத்தத்தைக் காட்டும் முள் சிவப்பில் நின்றது. வேலை கொடுக்கும் கம்பெனி ஒட்டச் சொன்ன பாதுகாப்பு அறிவிப்பு, நாள்காட்டிக்குப் பின்னால் இருந்தது.

ஊசி நோட்டு மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. தையல் ஊசி உடைந்தால், உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் எண், கையெழுத்து வைத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு அப்பர் முழுவதையும் காந்தம் வைத்துத் தேடுவார்கள். இறக்குமதியாளர் கேட்பதால் கம்பெனி கேட்கிறது, கம்பெனி கேட்பதால் இவர்கள் தவறுவதில்லை. எங்கோ குளிர் நாட்டில் அந்த ஷூவைப் போடப்போகிறவரின் காலில் முள்ளாய்க் குத்திவிடக் கூடாது என்பதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. அதே மேசையில் பசை தோய்க்கும் கைக்கு நோட்டு இல்லை. இதைக் கம்பெனியின் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். மறுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கியது. சனிக்கிழமைதோறும் வீட்டுக்காரரே புதிதாகக் கட்டுகிறார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அதிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்த தீயணைப்பானை இரண்டு ஆண்டுகளாக அவர் பார்க்கவில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் ஒன்றைச் செய்யும் மனிதர் கையில் இருக்கும்போது, புதிய பட்டியல் ஒன்றை எழுதி ஒட்டுவது வீண் வேலை என்று எனக்குப் பட்டது. தீயணைப்பானை நிரப்பி, எலுமிச்சை தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். மிளகாயைக் கட்டும் கை முள்ளையும் பார்க்கும்.

விளக்கை என்ன செய்வது

கடினமான பேச்சு இதுதான். விளக்கை நிறுத்திவிடுகிறோம் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆயா ஒப்பவில்லை. "ரெண்டு தலைமுறையா ஏத்திக்கினு வர்ற வெளக்கு சார். பசை வந்து பத்து வருசம்கூட ஆவல. எது போவணும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, நியாயம் அவர் பக்கம் இருந்தது.

முதலில் எடுத்த முடிவு, மூடியபின் விளக்கு. விளக்கு நேரம் வந்ததும் ஆயா வாசலில் நின்று "மூடியாச்சா?" என்று கேட்பார், கிண்ணங்களுக்கு மூடி போட்டு, துடைத்த துணிகளை வெளியே உள்ள மூடியுள்ள தகர டின்னில் போட்டபின் பெண்கள் பதில் சொல்வார்கள். ஒரு வாரத்திலேயே இது நன்றாகப் படிந்துவிட்டது. ஆயாவின் குரலுக்குப் பயந்து ஐந்தரைக்கே மேசை சுத்தமாகிவிடுகிறது என்று அண்ணி சொன்னார். எனக்கு அது போதவில்லை. மூடியபின்னும் தரையில் ஏற்கனவே இறங்கிய ஆவி இருக்கும். ஆகவே விளக்கு நிலைப்படியிலிருந்து எழ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை போனபோது, திண்ணைச் சுவரின் வெளிப்புறத்தில், என் மார்பு உயரத்தில், கொத்தனாரை வைத்துச் சின்னதாக ஒரு மாடம் கட்டியிருந்தார்கள். கனமான ஆவி அந்த உயரத்துக்கு ஏறி வர வாய்ப்பு மிகக் குறைவு. குனிந்து ஏற்ற முட்டி வலிக்கிறது என்று ஆயாவே கேட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். நான் சொன்னதற்காக என்று ஒருவரும் சொல்லவில்லை, அதுவும் நல்லதுதான்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிண்ணங்களுக்குப் பதில், தூரிகை மட்டும் நுழையும் துளையுள்ள மூடியோடு எஃகுக் குவளைகள் வந்தன. அடி கனமாக இருப்பதால் எளிதில் கவிழாது. ஃபேன் நின்றால் பேஸ்டிங்கும் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நூல் வெட்டும் வேலை. நைலான் திரைச்சீலை போய்ப் பலகைக் கதவு வந்தது. கேஸ் டியூப் மாற்றப்பட்டது; கேஸ் கசிவைத் தெரிவிக்கும் 1906 என்ற எண்ணை அண்ணி சுண்ணாம்பால் கதவின் உட்புறம் எழுதியிருக்கிறார். தரையோரம் ஒரு துளை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கப்போனார்கள்; சாதாரண மோட்டார் ஆவியை இழுத்தால் அதன் பொறியே ஆபத்து என்பதால், பின்பக்கமிருந்து நல்ல காற்றை உள்ளே தள்ளி வாசல் வழியே வெளியேற்றும்படி திருப்பி வைக்கச் சொன்னேன்.

தீராமல் நிற்பவையும் உண்டு. தையல் மெஷின்களின் பழைய மோட்டார்கள் பேஸ்டிங் மேசைக்கு நான்கடி தூரத்தில்தான் இருக்கின்றன. கூடத்தில் வேறு இடமில்லை. நீரில் கரையும் பசையைக் கம்பெனி ஒரு மாடலுக்கு மட்டும் தர ஒப்புக்கொண்டது. அது காய அதிக நேரம் எடுப்பதால் ஜோடிக்கு ஜோடி கூலியில் பெண்களுக்கு நஷ்டம், கூலி உயரவில்லை. சொல்யூஷன் டின்னை வீட்டுக்காரர் இன்னமும் ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துத்தான் கொண்டுவருகிறார்.

காயம்பட்ட பெண் ஏழு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். மருத்துவச் செலவையும் பாதிக் கூலியையும் வீட்டுக்காரர் கொடுத்திருந்தார். பேஸ்டிங் மேசைக்குப் போக மனம் வரவில்லை என்றார். இப்போது அந்த மேசை வாரத்துக்கு ஒருவர் என்று முறை மாறுகிறது. அவர் மெஷினில் உட்கார்ந்து முதலில் தைத்தது கம்பெனி அப்பர் அல்ல. ஐந்து பெண்களின் ஆண் சட்டைகளையும் வாங்கி, கை மணிக்கட்டில் எலாஸ்டிக் வைத்து, மேலே மடித்தாலும் நிற்காமல் கீழே இறங்கும்படி தைத்துக் கொடுத்தார். எந்தச் சட்டை யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் காலரிலும் வேறு வேறு நிற நூலில் ஒரு தையல் போட்டிருக்கிறார். அவருடையது பச்சை.